ஒரே கோடு, இரண்டு நியாயம்

எங்கள் ஊருக்குப் பெயர் எப்போதும்வென்றான். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டி வரும் கரிசல் கிராமம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வெளியூருக்குக் கிரிக்கெட் ஆடப் போவது எளிதான காரியமன்று. தோற்றுவிட்டால் மைக் பிடித்தவர் சும்மா விடமாட்டார். "எப்போதும்வென்றான் இப்போது தோற்றான்" என்று கண்மாய்க்கரை முழுதும் கேட்கும்படி முழங்கிவிடுவார். வென்றாலோ, "பேரிலேயே இருக்கிறதே, இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பார்கள். ஆகவே வெற்றி என்பதைப் பற்றி மற்ற ஊர்க்காரர்களைவிட நாங்கள் சற்றுக் கூடுதலாகவே யோசித்து வளர்ந்திருக்கிறோம். எப்படி வென்றாலும் அது வெற்றிதானா? எது நேர்மையான ஆட்டம், எது அழுகுணி ஆட்டம்? இந்தக் கேள்வியைக் கிரிக்கெட்டின் ஒரு குறிப்பிட்ட ரன் அவுட்டை வைத்து ஆராய விரும்புகிறேன். மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் என்னோடு உடன்படாவிட்டாலும் இறுதிவரை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பந்து வீசுபவரின் பக்கத்தில் மட்டையோடு நிற்கும் ஆட்டக்காரரை நாம் 'ரன்னர்' என்போம். பந்து கையை விட்டுப் போகுமுன்பே அவர் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகரத் தொடங்குகிறார். பந்து வீச வந்தவர் அதைக் கண்டு, வீசாமல் நின்று, பக்கத்துக் குச்சியைத் தட்டிவிடுகிறார். ரன்னர் அவுட். விதி அவ்வளவுதான். ஆனால் இதுபோன்ற ஒவ்வொரு அவுட்டுக்குப் பின்னும், நடந்து முடிந்தது ஏதோ கொள்ளை என்பதுபோல் கூச்சல் எழுகிறது. வியப்பு என்னவென்றால், அந்தக் கூச்சலில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் கோட்டைத் தாண்டியவரல்லர், குச்சியைத் தட்டியவரே.

2019 மார்ச் 25-ஆம் நாள் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தை அறியாதார் நம்மிடையே இரார். பஞ்சாப் அணியின் தலைவர் நம் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின். எதிரணி ராஜஸ்தான். 185 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இங்கிலாந்து வீரர் ஜோஸ் பட்லர் 43 பந்துகளில் 69 ஓட்டங்கள் எடுத்து வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அப்போது அவர் ரன்னராக நின்ற சமயத்தில், அஸ்வின் ஓடிவந்து, நின்று, குச்சியைத் தட்டிவிட்டார். பட்லர் வெளியேறினார், பின்னால் வந்தவர்கள் மளமளவென்று சரிந்தார்கள், ராஜஸ்தான் 14 ஓட்டங்களில் தோற்றது. அன்றிரவே உலகெங்கும் அஸ்வினுக்கு அர்ச்சனை தொடங்கிவிட்டது. விதிகளை வகுக்கும் லண்டன் எம்.சி.சி. கழகம் முதலில் "இது விதிக்கு உட்பட்டதே" என்ற பொருளில் பேசியது. மறுநாளே, அஸ்வின் நின்று காத்திருந்த நேரம் மிகுதி, இது ஆட்டத்தின் உணர்வுக்கு ஒவ்வாது என்று கருத்தை மாற்றிக்கொண்டது. விதியை எழுதியவர்களுக்கே ஓரிரவில் இரண்டு கருத்து!

ஒன்றை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஜெய்ப்பூர் நிகழ்ச்சி என் கட்சிக்கு மிக வலுவான சாட்சியமன்று. வழக்கமாகப் பந்தை விடும் கணம் வரை பட்லர் கோட்டுக்குள் இருந்தாரா, அஸ்வின் தாமதித்ததால்தான் வெளியே போனாரா என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் இருதரப்பாக வாதிட்டார்கள். அந்த இடைவெளி என்னையும் உறுத்துகிறது. ஆனால் அஸ்வினை வைதவர்கள் பெரும்பாலோர் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசவில்லை. "முன்கூட்டி எச்சரித்திருக்க வேண்டாமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. இதே பட்லர் 2014 ஜூன் 3-ஆம் நாள் பர்மிங்ஹாமில் இலங்கையின் சசித்ர சேனாநாயக்கவால் இதே முறையில், அதுவும் எச்சரிக்கப்பட்ட பின்னரே, அவுட் ஆக்கப்பட்டவர். ஓர் எச்சரிக்கைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று எந்த விதிப் புத்தகத்திலும் போடவில்லை.

அஸ்வினுக்கு இது முதல் அனுபவமுமன்று. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் இலங்கையோடு நடந்த ஒருநாள் பந்தயத்தில் லஹிரு திரிமன்னவை இதே போல் ரன் அவுட் செய்தார். நடுவர்கள் கலந்து பேசினார்கள். அன்றைக்கு அணித் தலைவராக இருந்த சேவாக், டெண்டுல்கரோடு பேசிவிட்டு, முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரிமன்ன தொடர்ந்து ஆடினார், இலங்கை வென்றது. எல்லோரும் சேவாக்கின் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். பாராட்டட்டும். ஆனால் அந்தப் பெருந்தன்மையின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விதியை மதித்து விக்கெட் எடுத்த இளைஞன் தலைகுனிந்து திரும்பி நடக்க, கோட்டைத் தாண்டியவர் நிமிர்ந்து நின்றார். அந்த நாளுக்கும் ஜெய்ப்பூருக்கும் இடையே 7 ஆண்டுகள். ஜெய்ப்பூரில் அஸ்வினே தலைவர். திரும்பப் பெறச் சொல்ல மேலே ஒருவருமில்லை.

அண்மையில் நம் சீமையிலேயே ஒன்று நடந்தது. 2022 ஜூன் 23-ஆம் நாள், நெல்லை சங்கர் நகர் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டம். சேப்பாக்கம் அணியின் ஜெகதீசனை நெல்லை அணியின் பாபா அபராஜித் ரன்னர் முனையில் அவுட் செய்தார். கோபம் கொண்ட ஜெகதீசன் வெளியேறும்போது தகாத சைகைகள் காட்டினார். பிறகு பொதுவில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல குணம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? கிளீன் போல்டு ஆனவர் பந்து வீச்சாளரை நோக்கிச் சைகை காட்டுவதில்லை. காட்ச் கொடுத்தவர் மட்டையைத் தரையில் அடித்து நொந்துகொள்வார்; அந்தக் கோபம் தன்மேல் கொண்டது. ரன்னர் முனையில் அவுட் ஆனவருக்கு மட்டும் கோபம் பிறர்மேல் வருகிறது. தனக்கு உரிமையான ஒன்று பறிபோனதாக அவர் மெய்யாகவே நம்புகிறார். கோட்டுக்கு வெளியே இரண்டடி நிற்பது ரன்னரின் பிறப்புரிமை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

இந்த நம்பிக்கையின் வேரைத் தேடினால் ஓர் இந்தியரின் பெயரில் போய் நிற்கிறது. 1947 டிசம்பர் 13-ஆம் நாள் சிட்னி டெஸ்ட் பந்தயத்தில் வினு மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இவ்வாறு ரன் அவுட் செய்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர் அதே சிட்னியில் நடந்த வேறோர் ஆட்டத்தில் பிரவுனை முதலில் எச்சரித்து, அவர் மீண்டும் கோட்டைத் தாண்டியபோது அவுட் செய்திருந்தார். பிரவுன் திருந்தியபாடில்லை. டெஸ்டில் மறுபடியும் அதே தவறு; அதே தண்டனை. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சிலவற்றுக்கு இது பொறுக்கவில்லை. அவ்வகை அவுட்டுக்கு 'மன்கட்' என்றே பெயரிட்டு, பெயரையே வசவாக்கிவிட்டன. எதிரணித் தலைவர் டான் பிராட்மனோ பின்னாளில் தம் சுயசரிதையில் மன்கட் செய்தது முறையே என்று எழுதினார். தோல்வி அடைந்தவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வது இயற்கை. எதிரணித் தலைவரே நம் ஆள் பக்கம் நின்று பேசியிருக்க, நாம் மட்டும் அந்தப் பெயரை இன்றும் வசவாகவே உச்சரிக்கிறோம்.

மன்கட் யார்? சென்னைக்காரர்களுக்கு அவரை மறக்க உரிமையில்லை. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்றதே இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. அந்த ஆட்டத்தில் மன்கட் எடுத்தவை 12 விக்கெட்டுகள்; முதல் இன்னிங்ஸில் மட்டும் 55 ஓட்டங்களுக்கு 8. 1956 ஜனவரியில் அதே சென்னையில், கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயுடன் சேர்ந்து தொடக்க விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தார். அவர் பங்கு 231. அந்தச் சாதனை 52 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. இவ்வளவு செய்த மனிதரின் பெயர் உலக அகராதியில் ஏறியது எதனால்? ஒரு ரன்னர் நேரத்துக்கு முன் புறப்பட்டதால். திருடு கொடுத்தவன் பெயரைத் திருட்டுக்குச் சூட்டியது போல் இது!

இனி விதியைச் சற்று அளந்து பார்ப்போம். ஒரு முனைக் குச்சிக்கும் மறுமுனைக் குச்சிக்கும் இடையே 22 கெஜம், அதாவது 66 அடி. ஒவ்வொரு முனையிலும் குச்சிக்கு 4 அடி முன்னால் கோடு. ஆக, கோட்டிலிருந்து கோட்டுக்கு 58 அடி. இதுவே ஓர் ஓட்டத்தின் தூரம். ரன்னர் மூன்றடி முன்னால் போய் நின்றுகொண்டால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு தூரத்தை ஓடாமலே சம்பாதித்துவிடுகிறார். ரன் அவுட்டுகளோ இன்று அங்குலக் கணக்கில் தீர்மானிக்கப்படுகின்றன. மட்டையின் நுனி கோட்டைத் தொட்டதா, கோட்டின் மேலேயே நின்றதா என்று மூன்றாவது நடுவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். முடியும் இடத்தில் அங்குலம் பார்க்கிறோம். புறப்படும் இடத்தில் அடிகளைக் கணக்கில் விடுகிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ரன்னர் தாண்டக்கூடாத அந்தக் கோடும், பந்து வீசுபவரின் முன்கால் தாண்டக்கூடாத கோடும் வெவ்வேறு கோடுகளல்ல. ஒரே கோடு. பந்து வீசுபவர் அதை ஒரு நூலிழை தாண்டினாலும் நோபால். எதிரணிக்கு ஓர் ஓட்டம். ஒருநாள் ஆட்டங்களில் அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். விக்கெட் விழுந்திருந்தாலும் செல்லாது. இப்போது பெரிய பந்தயங்களில் இதற்கென்றே காமிராவில் கண் வைத்திருக்கிறார்கள். "முதல் முறைதானே, எச்சரித்து விடுவோம்" என்று எந்த நடுவரும் சொல்வதில்லை. பந்து வீச்சாளரும் எதிர்பார்ப்பதில்லை. அதே கோட்டில், அதே கணத்தில், ஓரடி பக்கத்தில் நிற்கும் மனிதர் மூன்றடி தாண்டலாம். அவரை மட்டும் வணங்கி எச்சரிக்க வேண்டும்! இது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தின் பழைய நியாயம் என்பது என் துணிபு. அந்நாட்டில் கனவான்கள் ஓர் அணியாகவும் கூலிக்கு ஆடுவோர் மற்றோர் அணியாகவும் பிரிந்து ஆடும் பந்தயம் 1806-இல் தொடங்கி 1962 வரை நடந்து வந்தது. கனவான்களுக்குப் பிடித்தது மட்டை. வெயிலில் நாள் முழுதும் பந்து வீசும் பாரம் பெரிதும் கூலிக்காரர்மேல். இப்படிப்பட்ட ஆட்டத்தில் மட்டை பிடித்தவரின் வசதி 'பண்பு' என்றும், பந்து வீசுபவரின் உரிமை 'பண்பின்மை' என்றும் பெயர் பெற்றதில் வியப்பில்லை. அந்தப் பிரிவினை ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மதிப்பீடு மட்டும் ஒழியவில்லை.

நம் சொந்த விளையாட்டுகளில் இந்த மயக்கம் இல்லை. பாண்டி ஆடும் சிறுமி கோட்டை மிதித்தால் அவுட். "தெரியாமல் மிதித்தேன்" என்றாலும் அவுட். சடுகுடுவில் எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தவர் யாரும் சொல்லாமலே வெளியேறி உட்காருகிறார். நம் பகுதியின் கோவில் கொடைகளில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். கொடி அசையுமுன் ஒரு வண்டி முன்னே பாய்ந்தால் விழாக் கமிட்டியார் மறித்துத் திருப்பி நிறுத்துவார்கள். அப்படி நிறுத்திய கமிட்டியாரைப் பண்பற்றவர்கள் என்று யாரும் பேசக் கேட்டதில்லை. உலக அரங்கிலும் அப்படித்தான். 2011 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தென்கொரியாவின் டேகு நகரில் 100 மீட்டர் இறுதிப் பந்தயம். உலகின் அதிவேக மனிதர் உசைன் போல்ட் துப்பாக்கி வெடிக்கு முன் புறப்பட்டுவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் வந்த விதிப்படி முதல் தவறுக்கே வெளியேற்றம். சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே நடந்தார். அவரைப் பார்க்கவே திரண்டிருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆயினும் துப்பாக்கி பிடித்த அதிகாரியை யாரும் தூற்றவில்லை.

கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்போன ஊர். ஆனால் சுற்றுப்பட்டிக் கரிசல் கிராமங்களில் கிரிக்கெட்தான் கொடி கட்டிப் பறக்கிறது. பருத்தியும் உளுந்தும் வீடு வந்து, கண்மாய் வற்றி, தரை வெடிப்பு விட்ட பிறகு எங்கள் மைதானங்கள் பிறக்கின்றன. வேலிக்கருவையை வெட்டி ஒதுக்கி, வெடிப்புகளில் மண் நிரப்பித் தண்ணீர் தெளித்துப் பிட்ச் போடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம், பக்கத்து ஊர்க் கண்மாயில் சுழற்கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஸ்கோர் நோட்டு என் கையில் இருந்தது. கடைசி ஓவர் வீசியவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர்; ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஆட வருபவர். எதிரணி ரன்னர் ஒவ்வொரு பந்துக்கும் மூன்றடி முன்னால் போய்த்தான் நின்றார். வீசுபவர் இரண்டு முறை நடுவரிடம் சொன்னார். நடுவராக நின்றவரோ ஆடும் அணியைச் சேர்ந்தவர். நம் ஊர்களில் அதுதானே வழக்கம்! சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். கடைசிப் பந்து, ஜெயிக்க 2 ஓட்டங்கள் தேவை. வாலிபர் ஓடிவந்தார், நின்றார், குச்சியைத் தட்டினார்.

"ஏலே, இதெல்லாம் ஒரு அவுட்டாலே? களவாணி ஆட்டம் ஆடுத!" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு நூறு குரல்கள். அரைமணி நேரம் ஆட்டம் நின்றது. கமிட்டியின் மூத்தவர் ஒருவர் வந்து, "தம்பி, நம்ம ஊருக்கு அழகில்லப்பா. போட்டுரு, திரும்பப் போட்டுரு" என்றார். "அண்ணாச்சி, ரெண்டு தடவ சொன்னேன்" என்று மட்டும் சொன்னார் வாலிபர். பிறகு போட்டார். பந்து தேர்டுமேன் பக்கம் போனது. இரண்டு ஓட்டங்கள் ஓடினார்கள். இரண்டாவது ஓட்டத்தில் அந்த ரன்னர் ஒரு சாண் தூரத்தில் தப்பினார். புறப்படும்போது இனாமாக எடுத்துக்கொண்ட மூன்றடியைக் கழித்தால் அந்தச் சாண் எங்கே போகும் என்று நான் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், யாரிடம் காட்டுவது? கோப்பை அவர்களுக்கு. அதற்குப் பிறகு சாலையில் போனாலும் வந்தாலும் அந்த வாலிபரைப் பொடிப்பயல்கள் வரை 'களவாணி' என்றே கூப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் ஆட வரவில்லை. ரன்னராக நின்றவருக்கு எந்தப் பட்டப்பெயரும் இல்லை. அவர் இன்றும் ஆடுகிறார். இன்றும் மூன்றடி முன்னால்தான் நிற்கிறார்.

கிரிக்கெட்டில் ஆழ்ந்த பற்றுள்ள நம் பேராசிரியர் ஒருவரிடம் இதை விவாதித்தபோது அவர் கர்ட்னி வால்ஷை எனக்கு எதிராக நிறுத்தினார். 1987 அக்டோபர் 16, லாகூர், உலகக் கோப்பை. மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆட்டம். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 2 ஓட்டங்கள் வேண்டும். கைவசம் ஒரே விக்கெட். வால்ஷ் ஓடிவருகிறார்; ரன்னர் சலீம் ஜாபர் கோட்டுக்கு வெளியே வெகுதூரம் போய்விட்டார். தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. வால்ஷ் தட்டவில்லை, திரும்பிப் போய் மறுபடி வீசினார். அப்துல் காதிர் அடித்து ஜெயித்தார். மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்கே போகவில்லை. "இதுவல்லவா பண்பு?" என்றார் பேராசிரியர். பண்புதான், ஐயமில்லை. நானும் வணங்குகிறேன். ஆனால் கொடை வேறு, கடன் வேறு. வால்ஷ் தம் கையிலிருந்த உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுத்தார். ஆகவே அது கொடை. அதையே ஒவ்வொரு பந்து வீச்சாளரும் செய்தாக வேண்டும், செய்யாதவன் இழிந்தவன் என்று வசூலுக்குக் கிளம்பினால் கொடை என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது. மேலும், அந்தக் கதையைச் சொல்பவர் எல்லோரும் வால்ஷைப் பற்றியே பேசுகிறார்கள். ஜாபர் ஏன் அங்கே நின்றார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பேராசிரியர் இதற்குச் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

"இதில் திறமை என்ன இருக்கிறது?" என்பது இன்னொரு ஆட்சேபம். சோம்பி நடந்து ரன் அவுட் ஆகிறவரை வீழ்த்துவதிலும் பெரிய திறமை இல்லை. எதிராளி விழித்திருக்கிறாரா என்று பார்ப்பதும் ஆட்டத்தின் பகுதியே. 2022 செப்டம்பர் 24-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் நம் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இவ்வாறு வெளியேற்றினார். டீன் 47 ஓட்டங்களில் நன்கு ஆடிக்கொண்டிருந்தார், கடைசி விக்கெட், இந்தியா 16 ஓட்டங்களில் வென்றது. எச்சரித்தோம் என்று தீப்தி சொன்னதும், இல்லை என்று இங்கிலாந்து வீராங்கனைகள் மறுத்ததும் நாட்கணக்கில் ஓடின. என்னைக் கேட்டால், எச்சரித்தோம் என்று தீப்தி சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. அந்தச் சமாதானம் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாளிலிருந்து எம்.சி.சி. இந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் பிரிவிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டுக்குரிய 38-ஆம் பிரிவில் சேர்த்துவிட்டது. பந்து வீசுபவருக்கும் கட்டுப்பாடு உண்டு. கை உச்சிக்கு வந்து, வழக்கமாகப் பந்தை விடும் கணத்தைக் கடந்துவிட்டால் பிறகு குச்சியைத் தட்டுவது செல்லாது. 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா இப்படித் தட்டியபோது நடுவர் அவுட் தரவில்லை. பிறகு விதியின் வாசகத்தையும் தெளிவாக்கினார்கள். வீசுவதுபோல் பாவனை செய்து ரன்னரை ஏமாற்றி வெளியே இழுக்கும் தந்திரத்துக்கு ஆக இடமில்லை. நல்லதுதான். அதை நான் ஆதரித்து எழுதவுமில்லை.

விதியில் இருக்கிறது என்பதற்காக எல்லா ரன் அவுட்டும் எனக்குச் சம்மதமா என்றால், இல்லை. கண்டியில் பிறந்த நம் தமிழர் முத்தையா முரளிதரனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2006 டிசம்பர் 9, கிறைஸ்ட்சர்ச். இலங்கையின் கடைசி விக்கெட். சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்துச் சதத்தை எட்டுகிறார். முரளி தம் முனைக்கு வந்து சேர்ந்து, மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, கூட்டாளியைக் கைகுலுக்கப் பாராட்டப் போகிறார். எல்லைப்புறத்திலிருந்து பந்து வந்து சேர்கிறது. விக்கெட் கீப்பர் மெக்கல்லம் குச்சியைத் தட்டிவிடுகிறார். அவுட், இன்னிங்ஸ் முடிந்தது, 170-இல் சங்கக்கார மட்டும் 100. விதிப்படி பந்து இன்னும் 'சாகவில்லை'. ஆனால் முரளி அங்கே எதைச் சம்பாதிக்கப் போனார்? அரையடி தூரத்தையா, அரை ஓட்டத்தையா? ஒன்றுமில்லை. நண்பனின் மகிழ்ச்சியில் பங்குகொள்ளப் போனார். பத்தாண்டு கழித்து, 2016-இல், மெக்கல்லமே லார்ட்ஸில் ஆட்டத்தின் உணர்வு குறித்துச் சொற்பொழிவாற்றியபோது அதற்காக வருந்தி முரளியிடமும் சங்கக்காரவிடமும் மன்னிப்புக் கோரினார்.

1974-இல் டிரினிடாடில் காளிச்சரணுக்கு நடந்ததும் இவ்வகையே. அன்றைய கடைசிப் பந்து ஆடி முடிந்தது என்று 142 ஓட்டங்களோடு கூடாரம் நோக்கி நடந்தவரை இங்கிலாந்தின் டோனி கிரெய்க் குச்சியில் எறிந்து அவுட் ஆக்கினார். இரவோடிரவாகப் பேச்சு நடந்து முறையீடு திரும்பப் பெறப்பட்டது. 2011 ஜூலையில் நாட்டிங்ஹாமில் தேநீர் இடைவேளைக்கு முந்தைய பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று எண்ணி நடந்த இயன் பெல்லின் குச்சியை நம் அபினவ் முகுந்த் தட்டினார். இடைவேளையில் யோசித்து தோனி அவரைத் திரும்ப அழைத்தார். அந்த டெஸ்டில் இந்தியா 319 ஓட்டங்களில் தோற்றது. ஆயினும் தோனி செய்தது சரியே என்பேன். பெல் கவனக்குறைவாக இருந்தார், ஆதாயம் தேடவில்லை.

ஆக, நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: கோட்டுக்கு வெளியே நின்றவர் அங்கே எதற்குப் போனார்? முரளி போனது கைகுலுக்க. எங்கள் கண்மாயில் அந்த ரன்னர் போனது மூன்றடியைக் கைப்பற்ற. முதலாமவருக்கு எதிரணியின் பெருந்தன்மையை வேண்டலாம். இரண்டாமவர் முதலில் தம் பெருந்தன்மையைக் காட்டட்டும்.

நம் கல்லூரியில் துறைகளுக்கிடையிலான கிரிக்கெட் பந்தயங்கள் நடக்கும்போது இதற்காகச் சண்டை வராத ஆண்டு இல்லை. உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஆடும் இரு துறைகளையும் சேராத மாணவர்களை நடுவர்களாக நிறுத்த வேண்டும். ரன்னர் முனை அவுட்டுக்கு எச்சரிக்கை கிடையாது என்பதைப் பந்தய விதிகளோடு சேர்த்து அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் போட்டுவிட வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் மலிவானது: கரிசல் தரையில் கால் பட்டுப் பட்டுப் போட்ட கோடு நாலாவது ஓவருக்குள் அழிந்துவிடுகிறது, பிறகு உள்ளே யார், வெளியே யார் என்று சத்தியம் செய்யத்தான் முடியும். ஒரு வாளிச் சுண்ணாம்பும் மட்டையும் மைதானத்திலேயே இருக்கட்டும். இரண்டு ஓவருக்கு ஒருமுறை கோட்டைப் புதுப்பிக்க, ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாவது ஆள் இருக்கிறார்.